பதினொன்றாவது ரவை

அன்றைக்கு என் பலூன் பலகைக்கு முன்னால் இருந்தவர்கள் ஆறு பேர், தம்பி. நான் ஒன்று. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த ஜெயசீலன் இரண்டு. அவன் கட்டிக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகாத பெண்சாதி மூன்று. பேர் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவளுடைய தங்கச்சி நாலு. பக்கத்து வளையல் கடை பாத்திமுத்து ஐந்து. கோயில் கமிட்டியில் கடைகளுக்கு இடம் ஒதுக்குகிற சண்முகையா ஆறு. முப்பத்தொரு வருஷமாக அந்த இடத்தில் இன்னும் ஒரு ஆள் இருப்பாள். என் வீட்டுக்காரி வெள்ளைத்தாய். அன்றைக்கு அவள் இல்லை. இருந்திருந்தால் நான் இப்படி ஏர்கன்னைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் ரிப்பேர் கடைக்கு வந்திருக்க மாட்டேன்.

நீங்கள் கழற்றுங்கள். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாதாரணமாக நான் இவ்வளவு பேசமாட்டேன். ஆனால் குறையை முழுதாகச் சொன்னால்தானே உங்களுக்குச் சரி பண்ண வரும்.

குறை இதுதான். முதல் பத்து ரவை வரைக்கும் துப்பாக்கி ஒழுங்காகப் போகிறது. பதினொன்றாவது ரவையிலிருந்து கெட்டுப்போகிறது. இரண்டு விரல் அளவு இடது பக்கம் தள்ளிப் படுகிறது. இப்போது உங்கள் கண் முன்னால்தானே புது டப்பாவை உடைத்தேன். டப்பாவில் நூறு ரவை. பத்து எடுத்துச் சுட்டேன். அந்த அட்டையில் நீங்கள் போட்ட வட்டத்துக்குள்ளே பத்தும் போயிருக்கிறது, எண்ணிப் பாருங்கள். பலகை கட்டுகிற ஒவ்வொரு நாளும் காலையில் அப்படித்தான் செய்வேன். குறி பார்க்கிற அந்தச் சின்னத் திருகை என் கையாலேயே திருப்பி வைத்து, பத்து சுட்டு, பத்தும் சரியாகப் போனால்தான் துப்பாக்கியை வெளியே வைப்பேன். அதற்குப் பிறகு யார் சுட்டாலும் இடது பக்கம். ஸ்பிரிங் சூடாகி இளகிவிடுகிறது என்பது என் எண்ணம். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் நான் குறி பார்ப்பேன். ஒற்றைக் கண்ணை மூடுவது கற்றுக்குட்டிகள் செய்கிறது. கழுத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது சாய்ந்தாற்போலத்தான் இருக்கும். பிடிப்பு. மூன்று நாலு வருஷமாக இருக்கிறது. வெள்ளைத்தாய் தைலம் தேய்த்துவிடுவாள்.

நான் சொன்ன அந்த நாள், பங்குனிப் பொங்கல் இரண்டாம் நாள். அப்போது இருந்த துப்பாக்கி புதுசு, மாசியில் மதுரையில் வாங்கினது, தேக்கு நிறக் கட்டை. கடைக்காரர் வெண்ணெய் மாதிரி இழுக்கும் ஐயா என்றார். இழுத்தது. அதில் பொய் இல்லை. பலகையில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, தொண்ணூற்றாறு பலூன் கட்டியிருந்தேன். நானே ஊதினேன். ஊதுகிறது, முடிச்சுப் போடுகிறது, ஆட்களைக் கூப்பிடுகிறது எல்லாம் அவள் வேலையாக இருந்தது. "வாங்க கண்ணு, இங்க குறி தப்பாது" என்று அவள் ஒரு தடவை சொன்னால் ராட்டினத்துக்குப் போகிறவன் திரும்பி வருவான். நான் ரவையை எண்ணிக் கொடுப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கும் கூப்பிடவில்லை. ஜெயசீலன் தானாகத்தான் வந்தான்.

அவன் பெண்சாதி, "அந்தச் செவப்பு ஆறும் எனக்கு வேணும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். ஆறு ரவை எண்ணி வைத்தேன். முதல் ரவை சிவப்புக்கும் பக்கத்து மஞ்சளுக்கும் நடுவில் பலகையில் போய்க் குத்தியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு அவன் காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்து, பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி நின்றான். பலகைதான்.

நாலாவதும் போனபோது அந்தத் தங்கச்சிக்காரி, "மாமா, எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சௌக்கியமா இருப்பாங்க போல" என்றாள்.

புதுப்பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்திருக்கக்கூடாது. ஒரு ஆண்பிள்ளைக்கு அது பெரிய சங்கடம். நானே எழுந்து அவனிடம் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். வெள்ளைத்தாயாக இருந்தால், "புது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கத்தானே செய்யும்" என்று எதையாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருப்பாள். நான் டப்பாவில் ரவையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இரண்டையும் சுட்டுவிட்டு அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். பலகைக்குப் பக்கத்தில் போனான். குத்தின ஓட்டை ஒவ்வொன்றிலும் விரலை வைத்து அளந்தான். ஆறும் ஒரே அளவு.

"ரெண்டு விரல் இடது பக்கம். ஆறும் இடது பக்கம். இது கை நடுக்கம் இல்ல. குறிய நகட்டி வச்சிருக்கு. இது தானா நகராது. திருப்புளி வச்சுத் திருப்பினாத்தான் நகரும்." என்னைப் பார்த்தான். "ஏன் பெரியவரே, இந்த வயசுல இது தேவையா?"

பாத்திமுத்து வளையல் அடுக்கை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "ஏப்பா, யாரப் பாத்து என்ன பேசுற? அவரு ஒரு ரவை கூடப் போயிட்டா திருப்பி வாங்கப் பின்னாலயே ஓடுவாரு. ஒரு ரவை கொறஞ்சாலும் குடுக்கப் பின்னாலயே ஓடுவாரு. முப்பது வருசமா இவரு ஓடுறதப் பாத்து எனக்குத்தான் மூச்சு வாங்குது."

"அப்ப அவரையே சுடச் சொல்லுங்க" என்றான்.

சுட்டேன். தம்பி, நான் சுட்டது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. சிவப்பு ஆறு. ஆறும் வெடித்தது. நான் நினைத்தேன், இதோடு பேச்சு முடிந்தது, துப்பாக்கி நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும் என்று. அந்தத் தங்கச்சிக்காரி கைகூடத் தட்டினாள். ஆனால் ஜெயசீலன் சண்முகையா பக்கம் திரும்பினான்.

"பாத்தீங்களா அண்ணாச்சி? எவ்வளவு கோணல்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தள்ளிச் சுடுறாரு."

பதினொன்றுக்கு மேலே போன பிறகு எனக்கு மட்டும் எப்படிப் பட்டது என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சண்டை நடந்த நேரத்தில் ஸ்பிரிங் ஆறியிருக்கும். ஒரு கால் மணி நேரம் இருக்குமே.

சண்முகையா என்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. துப்பாக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குருவையா, இது கோயில் இடம். ஆடிக்கு ஒழுங்கான துப்பாக்கியா கொண்டாங்க. கமிட்டியில ஒருத்தர் சுட்டுப் பாப்பாரு. சரியா இருந்தா இந்த வேப்பமரத்தடி இடம் உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி முதல் வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள்? அந்தக் காலண்டரில் இன்றைக்கு என்ன தேதி என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் எழுத்தை மங்கலாக அச்சடிக்கிறார்கள். பன்னிரண்டு நாளா. சரி.

அந்தத் தேக்குக் கட்டைத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூர் போய் வேறு கம்பெனி வாங்கினேன். கறுப்பு, பிளாஸ்டிக் கட்டை, பிடிக்க லேசு. சித்திரையில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழாவுக்குக் கொண்டுபோனேன். காலையில் பத்துக்குப் பத்து. பதினொன்றிலிருந்து இடது பக்கம். சாயங்காலம் வரை தொண்ணூற்றாறில் வெடித்தது எட்டு. எண்பத்தெட்டு பலூன் அப்படியே நின்றது. மறுநாள் பார்த்தால் எல்லாம் காற்று இறங்கிச் சுருங்கித் தொங்குகிறது. நாலு நாளைக்கு என்று போனவன் இரண்டாம் நாளே அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது, இதோ உங்கள் கையில் இருக்கிறது. மகள் பேச்சிக்கனி போனிலேயே பார்த்து வரவழைத்தாள். வீட்டுக்குப் பின்னால் சுவரில் அட்டை கட்டி நான் பத்து சுட்டேன், பத்தும் சரி. அவளைச் சுடச் சொன்னேன். இரண்டு சுட்டாள். துப்பாக்கியை இறக்கிவிட்டு, "அப்பா, இதுவும்தான்" என்றாள். அப்புறம், "போதும்ப்பா. எங்க வீட்டுக்கே வந்துருங்க. பலகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

மகள் வீட்டுக்குப் போக எனக்கு ஒன்றும் இல்லை. மருமகன் தங்கமானவர். ஆனால் கோயில் இடத்தில் குறியை நகட்டி வைத்து ஏமாற்றினவன் என்ற பேரோடு நான் அங்கே போய் உட்காரமாட்டேன். ஒரு ஆடி வெள்ளி, கமிட்டிக்காரர் சுட்டு, பலூன் வெடித்து, சண்முகையா தலையாட்டிவிட்டால் போதும். மறுநாளே பலகையைப் பிரித்துவிடுவேன். பேச்சிக்கனியிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.

பாருங்கள். மூன்று ஊர், மூன்று கம்பெனி. மூன்றும் இடது பக்கம். மூன்றும் பதினொன்றாவது ரவையில். தொழில் அவ்வளவு கெட்டுக் கிடக்கிறது.

பழைய துப்பாக்கி அப்படி இல்லை. முப்பத்தொரு வருஷம் ஓடியது. எத்தனையோ வாஷர் மாற்றினேன், மூன்று ஸ்பிரிங் மாற்றினேன், குறி மட்டும் தப்பாது. அதுவும் கடைசியில் கெட்டது. எந்த நாளில் கெட்டது என்றுகூட எனக்குத் தெரியும். மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குப் பலகை கட்டின நாள். அன்றைக்குக் காலையில் பத்துக்குப் பத்து. அதற்குப் பிறகு ஒருவருக்கும் படவில்லை. மாசியில் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். தூக்கிக் கொடுக்கும்போது மனசு கேட்கவில்லை. அவள் போய்ப் பதினாறு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

வெள்ளைத்தாய் தை ஒன்பதாம் தேதி போனாள். நெஞ்சு வலி என்றாள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் காலையில் பத்து சுட்டு முடித்து டீ குடிக்கப் போவேன். அந்த நேரத்தில் அவள் போணிக்கு என்று மூன்று ரவை சுடுவாள். பொம்பளை கையால் மூன்று சுட்டால் அன்றைக்குக் கூட்டம் வரும் என்பது அவள் நம்பிக்கை. நான் தடுத்ததில்லை. பத்தும் மூன்றும் பதின்மூன்று, புது டப்பா உடைத்தால் மிச்சம் எண்பத்தேழு. டீ குடித்துவிட்டு வந்து எண்ணிப் பார்ப்பேன். வருஷக்கணக்காக எண்பத்தேழுதான் இருந்தது.

இந்த இரண்டு மூன்று வருஷமாகத்தான் அவள் கணக்குத் தப்ப ஆரம்பித்தாள். ஒரு நாள் எண்பத்தைந்து இருக்கும். ஒரு நாள் எண்பத்துமூன்று. "என்ன இது" என்று கேட்டால், "கை தடுமாறிடுச்சு, விடுங்க" என்பாள். ரவை பெரிய விஷயம் இல்லை தம்பி. ஆனால் மூன்று என்றால் மூன்றுதானே. எனக்குக் கணக்கு நிற்கவேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு முழுவதும் ஒரு மாதிரி இருக்கும்.

கார்த்திகைச் சோமவாரம் ஒன்றில் எண்ணிப் பார்த்தேன். எண்பத்தொன்று. மூன்று சுடவேண்டிய இடத்தில் ஒன்பது சுட்டிருக்கிறாள். எனக்கு அன்றைக்குக் கழுத்து வலி வேறு. பாத்திமுத்து கேட்கிற மாதிரியே கத்திவிட்டேன். "ஆறு ரவைக்குக் கணக்குச் சொல்ல முடியாதவ எதுக்குத் துப்பாக்கியத் தொடுற?" என்றேன்.

அவள், "சரி, தொடல" என்றாள். அவ்வளவுதான். பிறகு பலூன் ஊத உட்கார்ந்துவிட்டாள். மார்கழியில் நான் பத்து சுட்டுவிட்டு டீக்குப் போனேன், திரும்பி வந்து எண்ணினேன். தொண்ணூறு சரியாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அந்த வருத்தத்தோடேயே போயிருக்கிறாள். பிறகு நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருக்கலாம். மார்கழி முழுவதும் இருந்தாள்.

அவளிடம் அப்போதே கேட்டேன், துப்பாக்கி கெட்டுப்போச்சு, புதுசு வாங்குவோமா என்று. "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. வாங்க, ஸ்கூல்ல கண் முகாம் போட்டிருக்காங்க, ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்றாள். எப்போதும் இப்படித்தான். நான் துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் அவள் கண்ணைப் பற்றிப் பேசுவாள். இரண்டு தடவை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள், இரண்டு தடவையும் நான் திரும்பி வந்துவிட்டேன். பத்துக்குப் பத்து சுடுகிறவனுக்கு என்ன கண் முகாம்?

பாத்திமுத்துவும் பங்குனியில் அதே மாதிரிதான் சொன்னாள். "அண்ணி இருந்த வரைக்கும் துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே" என்று. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

என்ன, மாட்டிவிட்டீர்களா? ஸ்பிரிங்கில் ஒன்றும் இல்லையா? புதுசு போல இருக்கிறதா? சரி, நீங்களே சுட்டுப் பாருங்கள். டப்பாவில் தொண்ணூறு இருக்கிறது.

ஒன்று. இரண்டு. மூன்று.

பார்த்தீர்களா, இடது பக்கம். நான் சொன்னேன் அல்லவா, பதினொன்றிலிருந்து.

என்ன தேடுகிறீர்கள்? திருப்புளியா? அது பெரிது, அந்தத் திருகின் காடிக்குள் நுழையாது. இருங்கள், என் பையில் சின்னதாக ஒன்று கிடக்கிறது. இது வெள்ளைத்தாயின் சுருக்குப்பையில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, கோயில் திருநீறு, அதோடு இதுவும். தையல் மெஷினுக்கு வைத்திருப்பாள் என்று நினைத்தேன். மெஷினை விற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது, ஏன் இன்னும் முடிந்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. என்னுடையது வேறு, மரக்கைப்பிடி போட்டது.

சரியாக உட்காருகிறதா? அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

எவ்வளவு திருப்பினீர்கள்? அரைச் சுற்றா? சுடுங்கள். நாலு. ஐந்து. கொஞ்சம் நடுவுக்கு வந்திருக்கிறது. இன்னும் அரைச் சுற்றா? ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

நாலும் நடுவில். ஆமாம், நடுவில்தான். கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன், ஒரே ஓட்டையாக இருக்கிறது.

கொடுங்கள், நான் பார்க்கிறேன். இல்லை தம்பி, இது எனக்கு வலது பக்கம் போகிற மாதிரி அல்லவா தெரிகிறது. நீங்கள் திருப்பினது தப்பு. என்ன? சாயாமலா? நேராக வைத்தால் கழுத்து வலிக்கும். வலது கண்ணால் மட்டும் பார்க்கவா? எதற்கு? சரி, நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் கையால் என் இடது கண்ணை மூடுங்கள், நான் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருக்கிறேன்.

கரண்ட் போய்விட்டதா, தம்பி?

இல்லையா. ஆமாம், ஃபேன் சத்தம் கேட்கிறது.

வாசலில் வெயில் இருந்ததே. புகை போட்ட மாதிரி இருக்கிறது. அட்டை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

கையை எடுத்துவிடுங்கள். போதும்.

தண்ணீர் வேண்டாம். நான் இந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். துப்பாக்கி நல்லது என்கிறீர்கள். மூன்றும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பழையதும். ஜெயசீலன் சொன்னதும் சரிதான், குறி தானாக நகராது, திருப்பினால்தான் நகரும். திருப்பினது நான்தான், கழுத்தைச் சாய்த்து இடது கண்ணுக்குத் தோதாக. தினமும் காலையில், கவனமாக, பத்து வரைக்கும் எண்ணி.

பத்து வரைக்கும் நான். பதினொன்றிலிருந்து அவள்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த டப்பாவை இப்படி வையுங்கள் தம்பி. மூடியில் கொட்டி நானே எண்ணிக்கொள்கிறேன், கார்த்திகையில் எண்ணின மாதிரி. வேண்டாம், நீங்கள் எண்ணவேண்டாம். இதற்குக் கண் வேண்டாம், விரல் போதும்.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பது.

எண்பத்தொன்று.